கான்ஸ்டான்ஷியா பண்ணைவீடு: பத்திரத்தில் இருந்தவர்களும் இல்லாதவர்களும்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்துக்குத் தெற்கே, மேசை மலையின் தொடர்ச்சியாக நீளும் குன்றுகளின் கிழக்குச் சரிவில், ‘குரூட் கான்ஸ்டான்ஷியா’ என்ற பண்ணைவீடு நிற்கிறது. சுண்ணாம்பு பூசிய தடித்த சுவர்கள், நாணல் வேய்ந்த கனமான கூரை, வாசலுக்கு நேர்மேலே கூரையையும் தாண்டி வளைந்து எழும் முகப்புச் சுவர், எதிரே சரிந்து இறங்கும் திராட்சைக் கொடிகள், தொலைவில் ஃபால்ஸ் விரிகுடா. டச்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் எழுப்பிய நாட்டுப்புற மாளிகைகளில் இதுவே அதிகம் படம் எடுக்கப்பட்டதும் அதிகம் போற்றப்பட்டதும் ஆகும். 1685-ல் தொடங்கிய இந்தப் பண்ணை 200 ஆண்டுகள் தனியார் வசம் இருந்து, 1885-ல் அரசின் கைக்குப் போய், 1993 முதல் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது.

இதன் உரிமை வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக உடைமையாளர்களின் பெயர்ப்பட்டியலை வரிசையாகச் சொல்லிப் போவார்கள். அந்தப் பட்டியல் நமக்குத் தேவைதான். ஆனால் பண்ணை ஒவ்வொரு முறை கைமாறியபோதும் அதற்கான காரணம் வேலிக்கு வெளியே எங்கோ இருந்தது. ஒருமுறை கம்பெனியின் விதி, ஒருமுறை வாரிசுச் சட்டம், ஒருமுறை லண்டனில் மாறிய சுங்கவரி. அதோடு, பட்டியலில் இருக்கும் பெயர்களையே சற்று உற்றுப் பார்த்தால், அவற்றில் சிலவற்றின் வேர் இந்தியக் கரையில் முளைத்திருப்பது தெரியும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு இந்த வீட்டைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

முதலில் நிலம். 1652-ல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி, ஆசியாவுக்குப் போகும் தன் கப்பல்களுக்குக் குடிநீரும் காய்கறியும் இறைச்சியும் தரும் ஒரு நிறுத்தமாகக் கேப் குடியிருப்பைத் தொடங்கியபோது, மலைக்கு இப்பால் இருந்த பள்ளத்தாக்குகள் கோய்கோய் மக்களின் மேய்ச்சல் நிலங்களாக இருந்தன. ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு பருவத்துக்கொரு புல்வெளியாக நகர்ந்து வாழ்ந்த அவர்களிடம் நிலப்பத்திரம் என்று எதுவும் இல்லை, தேவையும் இருக்கவில்லை. 1657-ல் கம்பெனி தன் ஊழியர்களில் சிலரைப் பணியிலிருந்து விடுவித்து, ‘சுதந்திரக் குடிகள்’ என்ற பெயரில் அந்த நிலங்களில் உழவு செய்ய அனுமதித்தது. 1659-ல் கோய்கோய் மக்கள் ஆயுதம் ஏந்தினார்கள். போர் முடிந்து பேச்சுவார்த்தைக்கு வந்தவர்கள், தங்கள் மேய்ச்சல் நிலத்தைத் திருப்பிக் கேட்டபோது, அது வாளால் வெல்லப்பட்டது, இனித் திரும்பாது என்ற பதில்தான் கிடைத்தது. 1672-ல் ஒரு ‘விற்பனை’ ஒப்பந்தமும் எழுதி வாங்கப்பட்டது. அதில் குறிப்பிட்ட தொகைக்கும் உண்மையில் கொடுத்த சாமான்களின் மதிப்புக்கும் பெருத்த இடைவெளி இருந்தது. கான்ஸ்டான்ஷியாவின் முதல் பத்திரத்துக்கு அடியில் கிடப்பது இந்தக் கைமாற்றம்.

முதல் உடைமையாளர் சைமன் வான் டெர் ஸ்டெல். 1639-ல், அவருடைய தந்தை அட்ரியான் மொரீஷியஸ் தீவின் கம்பெனித் தலைவராகப் பொறுப்பேற்கச் சென்றுகொண்டிருந்த பயணத்தில், கடலிலேயே பிறந்தவர். தாய் மரியா லீவன்ஸ், டச்சுக் கப்பல் தலைவர் ஒருவருக்கும், ஆவணங்களில் கோவாக் கரையைச் சேர்ந்தவள் என்று குறிக்கப்படும் மோனிக்கா என்ற பெண்ணுக்கும் பிறந்தவர். அந்த மோனிக்கா அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர். தந்தை அட்ரியான் மொரீஷியஸுக்குப் பின் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, 1646-ல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் படையினரால் கொல்லப்பட்டார். சிறுவன் சைமன் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், வளர்ந்து, இளைஞனாக நெதர்லாந்துக்குப் போய், செல்வாக்குள்ள சிக்ஸ் குடும்பத்தில் மணம் முடித்து, 1679-ல் கேப் குடியிருப்பின் தளபதியாக வந்து சேர்ந்தார். மனைவி கடைசிவரை நெதர்லாந்திலேயே இருந்துவிட்டார். பின்னாளில் வெள்ளையர் ஆட்சி தன் நிறுவன நாயகர்களில் ஒருவராகக் கொண்டாடிய மனிதரின் பாட்டி ஓர் இந்திய அடிமைப் பெண் என்பதை அந்த ஆட்சி வெளியே சொல்ல விரும்பவில்லை.

1685-ல் கம்பெனியின் ஆணையராகக் கேப்புக்கு வந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். கேரளத்துத் தாவரங்களைப் பன்னிரண்டு தொகுதிகளில் பதிவு செய்த ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ என்ற பெருநூலின் பின்னணியில் இருந்த அதே வான் ரீட். மலபாரின் முன்னாள் தளபதியான அவர் இந்தியக் கரைகளிலும் இலங்கையிலும் உள்ள கம்பெனி நிலையங்களைத் தணிக்கை செய்யப் புறப்பட்டு, வழியில் கேப்பில் தங்கினார். பழவேற்காட்டில் இருந்த சோழமண்டலத் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்ற வைத்ததும், அங்கே பெருஞ்செலவில் கோட்டை எழுந்ததும் இந்தப் பயணத்தின் பிற்பகுதியில் நடந்தவை. கேப்பில் தங்கிய காலத்தில், 1685 ஜூலையில், அவர் வான் டெர் ஸ்டெல்லுக்கு 891 மோர்கன் நிலத்தை வழங்கினார். இன்றைய கணக்கில் சுமார் 1,885 ஏக்கர். சாதாரணக் குடியானவனுக்கு அக்காலத்தில் பொதுவாக 60 மோர்கன் அளவில்தான் நிலம் கிடைத்தது. கம்பெனி ஊழியர்கள் சொந்தமாக நிலம் வைத்து விவசாயமும் வணிகமும் செய்வதைக் கம்பெனி விரும்பாத நிலையில், தளபதிக்கே இவ்வளவு பெரிய நிலம் போனது ஒரு விதிவிலக்கு. இதே சலுகை பின்னர் அவருடைய மகனைக் கவிழ்த்தது.

வான் ரீட் அதே தங்கலில் இன்னொன்றும் செய்தார். கம்பெனி அடிமைகள் அடைக்கப்பட்டிருந்த விடுதியைப் பார்வையிட்டு, அவர்களைப் பற்றி விரிவான கட்டளைகள் எழுதினார். ஐரோப்பிய ஆண்கள், முழுக்கக் கருநிறத்தவரான விடுதலை பெற்ற அடிமைப் பெண்களை மணப்பதை அவை தடை செய்தன. ஐரோப்பியத் தந்தைக்குப் பிறந்த கலப்புப் பெண்களை மணக்க இடம் கொடுத்தன. நிலத்தை வழங்கிய கையும் இந்த விதியை எழுதிய கையும் ஒன்றே. அந்த விதி இரண்டு தலைமுறைகளுக்கு முன்பு கிழக்கிந்தியத் தீவுகளில் நடைமுறையில் இருந்திருந்தால், நிலத்தைப் பெற்றவரின் தாயே சட்டப்படி பிறந்திருக்க முடியாது. கேப் சமூகத்தில் நிறக்கோடு எப்போது, எப்படி இறுகத் தொடங்கியது என்று கேட்பவர்களுக்கு இந்த ஆண்டு ஒரு நல்ல தொடக்கம்.

வான் டெர் ஸ்டெல் நிலத்தை நன்றாகத் தேர்ந்தெடுத்திருந்தார். கருங்கல் சிதைந்து உண்டான மண். கோடையில் விரிகுடாவிலிருந்து வரும் குளிர்ந்த காற்று. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள். கேப்பில் முதன்முதலாகத் திராட்சை பிழியப்பட்டது 1659 பிப்ரவரியில். ஆனால் முதல் தலைமுறை ஒயின் புளிப்பும் கலங்கலுமாக இருந்தது. பழம் பழுக்கும் முன்பே பறிப்பதும் பீப்பாய்களைச் சுத்தம் செய்யாததும் காரணங்கள் என்று கண்டுகொண்ட தளபதி, பழுக்காத திராட்சையைப் பிழிகிறவர்களுக்கு அபராதம் விதித்தார். தன் பண்ணையில் அந்த ஒழுங்கைக் கடுமையாகக் கடைப்பிடித்தார். 1691-ல் ஆளுநராக உயர்ந்து, 1699-ல் ஓய்வு பெற்று, 1712 ஜூனில் இறக்கும் வரை கான்ஸ்டான்ஷியாவிலேயே வாழ்ந்தார்.

அவருக்குப்பின் ஆளுநரான மகன் வில்லெம் அட்ரியான் தன் பங்குக்கு ‘வெர்கலேகன்’ என்ற இன்னும் பெரிய பண்ணையை உண்டாக்கிக்கொண்டார். இறைச்சிக்கும் ஒயினுக்குமான கம்பெனி ஒப்பந்தங்கள் ஆளுநர் வட்டத்துக்குள்ளேயே சுழல்வதைக் கண்ட குடியானவர்கள் மேலிடத்துக்கு மனு அனுப்பினார்கள். 1706-ல் ஆம்ஸ்டர்டாமில் எடுத்த முடிவின்படி மகன் பதவி நீக்கப்பட்டார். வெர்கலேகன் துண்டாடப்பட்டு, மாளிகையையே இடிக்கும்படி உத்தரவானது. ஓய்வு பெற்றிருந்த தந்தையின் பண்ணை தப்பியது. ஆனால் அவர் இறந்தபின் வாரிசுகளுக்காக அது மூன்றாகப் பிரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. வீடு இருந்த பகுதி குரூட் கான்ஸ்டான்ஷியா என்றும், பக்கத்துப் பகுதி க்ளைன் கான்ஸ்டான்ஷியா என்றும், மூன்றாவது பெர்க்ஃபிலீட் என்றும் அழைக்கப்பட்டன. அந்தப் பழைய க்ளைன் கான்ஸ்டான்ஷியாதான் பிறகு ‘ஹூப் ஆப் கான்ஸ்டான்ஷியா’ ஆனது. இன்று க்ளைன் கான்ஸ்டான்ஷியா என்ற பெயரில் இருப்பது வேறு நிலம். அது ஒரு நூற்றாண்டு கழித்துப் பிரிந்தது. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்வதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிழிந்தவர்கள், உழுதவர்கள், கல் சுமந்தவர்கள் யார் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கோய்கோய் மக்களை அடிமையாக்கக் கூடாது என்பது கம்பெனியின் கொள்கை. ஆகவே அடிமைகள் கடல்வழியாக வந்தார்கள். 1652-க்கும் 1808-க்கும் இடையில் ஏறத்தாழ 63,000 பேர் கேப்புக்குக் கொண்டுவரப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் சுமார் நான்கில் ஒரு பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்தவர்கள். மற்றவர்கள் மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தோனேசியத் தீவுகள் ஆகியவற்றிலிருந்து. விற்பனைப் பத்திரங்களில் அவர்களுடைய சொந்தப் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. ஏதோ ஒரு கிறித்தவப் பெயரோ, மாதப் பெயரோ, கிரேக்கப் புராணப் பெயரோ வைத்து, அதன் பின்னால் வாங்கப்பட்ட இடத்தைச் சேர்த்துவிடுவார்கள்: வங்காளத்தவன், மலபாரத்தவள், இலங்கையன், சோழமண்டலத்தான்.

சோழமண்டலத்தான் என்று எழுதப்பட்டவர்களில் தமிழ் பேசியவர்கள் இருந்தார்கள் என்பதில் ஐயப்பட இடமில்லை. அந்தக் கரையில் டச்சுக்காரர்களின் அடிமை வணிகம் பஞ்சத்தோடும் போரோடும் ஏறி இறங்கியது. பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாயக்கர் நாட்டைச் சூறையாடியதால் 1659 முதல் 1661 வரை ஏற்பட்ட பஞ்சத்தில், பிள்ளைகளையும் தங்களையும் விற்றுக்கொண்ட மக்கள் நாகப்பட்டினம் உள்ளிட்ட துறைமுகங்கள் வழியாக ஆயிரக்கணக்கில் ஏற்றுமதி செய்யப்பட்டார்கள். பெரும்பாலோர் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் பத்தாவியாவுக்கும் போனார்கள். அங்கிருந்து நாடு திரும்பும் கப்பல்களில், அதிகாரிகளின் தனிப்பட்ட உடைமையாக, கேப் வரை வந்து விற்கப்பட்டவர்களும் உண்டு. நமது கரையின் வரலாற்றில் பின்னாளைய கரும்புத்தோட்ட ஒப்பந்தக் கூலிகள் இடம்பெற்ற அளவுக்கு இவர்கள் இடம்பெறவில்லை. நேட்டாலுக்கு முதல் தமிழ்க் கூலிகள் கப்பலேறிய 1860-க்கு இருநூறு ஆண்டுகள் முன்பே இந்தப் பாதை திறந்திருந்தது.

1716-ல் குரூட் கான்ஸ்டான்ஷியாவை வாங்கியவர் கேப்டன் ஓலோஃப் பெர்க், ஸ்வீடனில் பிறந்தவர். 1686-ல் கேப்பின் தென்முனை அருகே உடைந்த போர்ச்சுகீசியக் கப்பலில் சயாம் அரசின் தூதர்கள் பயணித்திருந்தார்கள். அந்தக் கப்பலின் பொருள்களைக் காக்க அனுப்பப்பட்டவர்களில் பெர்க்கும் ஒருவர். அவற்றைத் தானே பதுக்கியதற்காகத் தண்டனை பெற்று, சிறையிருந்து, இலங்கைக்கு அனுப்பப்பட்டு, சில ஆண்டுகளில் மீண்டும் கேப்பில் பதவிக்குத் திரும்பினார். கம்பெனி உலகில் ஒருவன் விழுந்து எழுவது அப்படி ஒன்றும் அரிதல்ல. அவரைவிட நம் கவனத்துக்குரியவர் அவருடைய மனைவி அன்னா டி கோனிங்.

அன்னாவின் தாய் வங்காளத்து அஞ்சலா. பத்தாவியா வழியாக வந்து, கேப் குடியிருப்பை நிறுவிய யான் வான் ரீபேக்கின் வீட்டில் அடிமையாக இருந்து, வேறொரு அதிகாரிக்கு விற்கப்பட்டு, 1666-ல் தன் குழந்தைகளோடு விடுதலை பெற்றவர். அடுத்த ஆண்டே அவர் பெயரில் நகரத்தில் ஒரு மனை பதிவானது. பிறகு ஒரு டச்சுக்காரரை மணந்து, பல பிள்ளைகளைப் பெற்று, வசதியோடு இறந்தார். அடிமையாகப் பிறந்து தாயோடு விடுவிக்கப்பட்ட அன்னா, 1678-ல் பெர்க்கை மணந்தார். 1724-ல் கணவர் இறந்தபின், வான் டெர் ஸ்டெல்லின் மாளிகைக்கு உடைமையாளராகப் பத்து ஆண்டுகள் இருந்து, 1734-ல் இறந்தார். அவருடையதாகச் சொல்லப்படும் ஓர் ஓவியம் இன்றும் இருக்கிறது: கருங்கூந்தல், கழுத்தில் முத்து, தாழ்ந்த கழுத்துள்ள பட்டாடை. பார்வை நேராக நம்மீது விழுகிறது.

இதை ஒரு வெற்றிக்கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடக் கூடாது. அன்னா இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் கட்டில்களும் பீங்கான்களும் பீப்பாய்களும் போலவே அடிமைகளும் எழுதப்பட்டிருந்தார்கள். அடிமையின் மகள் அடிமைகளை வைத்திருந்தாள். அக்காலக் கேப்பில் இது விதிவிலக்கும் அல்ல. விடுதலை பெற்ற ஆசியர் பலர் ஓரளவு பணம் சேர்ந்ததும் முதலில் வாங்கியது மனையும் ஆளும்தான். உழைப்பை விலைக்கு வாங்காமல் நிலத்தில் நிலைக்க வழியில்லாத ஒரு பொருளாதாரத்தைக் கம்பெனி உண்டாக்கி வைத்திருந்தது. அதற்குள் நுழைந்தவர்கள், எந்த நிறத்தவராயினும், அதன் விதிகளையே கைக்கொண்டார்கள். அன்னாவைக் குற்றம் சாட்டுவதும் புகழ்வதும் எளிது. அந்த ஏற்பாட்டின் இறுக்கத்தைப் பார்ப்பதுதான் கடினம்.

பக்கத்துப் பண்ணையான ஹூப் ஆப் கான்ஸ்டான்ஷியாவிலும் இதையொத்த ஒரு வரலாறு உண்டு. அங்கே பண்ணைக்கு உடைமையாளராக இருந்த விதவையை மணந்து 1718-ல் பொறுப்பேற்ற யோஹன்னஸ் கோலைன், மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரையிலிருந்து வந்த அடிமைகளின் மகளான மரியா எவர்ட்ஸ் என்ற பெண்ணுக்குப் பிறந்தவர். வான் டெர் ஸ்டெல் இறந்தபின் மங்கிப் போயிருந்த கான்ஸ்டான்ஷியா ஒயினின் பெயரை ஐரோப்பியச் சந்தையில் மீண்டும் நிலைநாட்டியவர் இவர்தான். 1720-கள் முதல் அவருடைய சிவப்பும் வெள்ளையுமான இனிப்பு ஒயின்கள் ஒழுங்காக ஏற்றுமதியாயின. கான்ஸ்டான்ஷியாவின் புகழை இரண்டு பெரிய மனிதர்களோடு, தொடங்கி வைத்த வான் டெர் ஸ்டெல்லோடும் பின்னாளில் குரூட் கான்ஸ்டான்ஷியாவை வாங்கி உச்சிக்குக் கொண்டுபோன க்ளூட்டேயோடும், முடிச்சுப் போட்டுப் பேசுவது வழக்கம். இடையில் இருந்த அரை நூற்றாண்டில் அதைக் காப்பாற்றிக் கொடுத்தவர் விடுபட்டுப்போகிறார்.

கேப்பில் விதவைகள் இவ்வளவு முக்கியமானவர்களாக இருந்ததற்கு ரோமன்-டச்சுச் சட்டமே காரணம். திருமணத்தோடு கணவன் மனைவி இருவரின் சொத்தும் ஒன்றாகிவிடும். ஒருவர் இறந்தால் பாதி மற்றவருக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குப் பங்கு. மூத்த மகனுக்கே எல்லாம் என்ற ஆங்கிலேய வழக்கம் அங்கே இல்லை. பெண்மக்களுக்கும் பங்கு உண்டு. ஆகவே ஒவ்வொரு மரணத்திலும் பண்ணை உடையும் அபாயம் இருந்தது. உடையாமல் காக்க இரண்டு வழிகள்: வாரிசுகளில் ஒருவர் கடன் வாங்கி மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொள்வது, அல்லது விதவை மறுமணம் செய்து புதுக் கணவன் பண்ணையை நடத்துவது. பாகப்பிரிவினையில் வயல் எப்படித் துண்டாகும் என்பதை அறிந்த நமக்கு இந்தக் கணக்கு அந்நியமானதல்ல. கான்ஸ்டான்ஷியா பள்ளத்தாக்கில் கடனும் மறுமணமும் சேர்ந்துதான் பல கைமாற்றங்களைத் தீர்மானித்தன.

அன்னாவுக்குப்பின் 1734-ல் கார்ல் கேயார்க் வீசர் வாங்கினார். 1759-ல் அவர் இறந்தபின் இன்னும் ஓரிரு கைகள் மாறி, வீடும் தோட்டமும் பாழாகத் தொடங்கிய நிலையில், 1778-ல் ஹென்ட்ரிக் க்ளூட்டே வாங்கினார். 1657-ல் முதல் நிலம் பெற்ற சுதந்திரக் குடிகளில் ஒருவரான, கொலோன் நகரத்திலிருந்து வந்த யாக்கோப் க்ளூட்டேயின் வழிவந்தவர் இவர். ஸ்டெல்லன்போஷில் ஏற்கெனவே பெரும் பண்ணை வைத்திருந்தவர். அவருடைய குடும்பம் அடுத்த 107 ஆண்டுகள் இங்கே இருந்தது.

இன்று நாம் பார்க்கும் வீடு பெருமளவு க்ளூட்டேயின் வீடு. வான் டெர் ஸ்டெல்லின் மாளிகைச் சுவர்களை உள்ளடக்கி, 1790-களின் ரசனைக்கேற்ப அதை அவர் மாற்றியமைத்தார். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லூயி மிஷேல் திபோவின் கை இதில் உண்டு என்று கருதப்படுகிறது. சிற்பங்கள் ஜெர்மனியிலிருந்து கம்பெனிப் படைவீரனாக வந்து சிற்பியாகப் பெயர்பெற்ற அன்டன் ஆன்ரைட்டின் பெயரோடு இணைக்கப்படுகின்றன. வீட்டின் முகப்புச் சுவரில் உள்ள மாடத்தில் வளமையின் உருவமாக ஒரு பெண் நிற்கிறாள். வீட்டுக்குப் பின்னால், அதே நேர்கோட்டில், 1791 என்று ஆண்டு பொறித்த ஒயின் கிடங்கு. அதன் முக்கோண முகட்டில் கிரேக்கக் கடவுள்களுக்கு மது ஊற்றும் கானிமீட் என்ற இளைஞன் கழுகோடு இருக்கிறான்; சுற்றிலும் கொழுத்த குழந்தைகள் திராட்சைக் கொத்துகளுக்கு இடையே உருண்டு புரள்கிறார்கள். சுண்ணச் சாந்தில் செய்த புடைப்புச் சிற்பம் அது. ஆப்பிரிக்காவின் தென்முனையில், அடிமைகள் பீப்பாய் உருட்டிப் போகும் ஒரு வாசலின் மேல், கடவுள்கள் கடத்திச் சென்று மது ஊற்ற வைத்த ஓர் இளைஞனின் கதை செதுக்கப்பட்டிருக்கிறது. செதுக்கச் சொன்னவர்கள் அந்தப் பொருத்தத்தை எண்ணியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அந்த ஒயினைச் செய்ய ஆள்பலம் நிறைய வேண்டும். மஸ்கட் வகைத் திராட்சையைச் சாதாரணமாகப் பறிக்க வேண்டிய காலத்தையும் தாண்டிக் கொடியிலேயே விட்டு, தோல் சுருங்கிப் பாதி உலர்ந்த நிலையில் பறிப்பார்கள். அழுகலும் பழுக்காததும் கலந்துவிடாமல் கையால் பொறுக்க வேண்டும். நீர் வற்றிய பழத்தில் சாறு குறைவாகவும் சர்க்கரை மிகுதியாகவும் இருக்கும். ஒரு பீப்பாய்க்கு இரட்டிப்புப் பழமும் அதற்கேற்ற உழைப்பும் தேவைப்பட்டது. சாராயம் சேர்க்காமலே நீண்ட காலம் கெடாமல் நின்றதால் கப்பல் பயணத்தைத் தாங்கியது. நெதர்லாந்தில் வாழ்ந்த நண்பர் ஹென்ட்ரிக் ஸ்வெல்லென்க்ரேபலுக்குக் க்ளூட்டே எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் தோட்டத்தைப் பற்றியும் சந்தையைப் பற்றியும் கம்பெனியோடான இழுபறியைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறார்.

இழுபறி விலையைப் பற்றியது. கான்ஸ்டான்ஷியா ஒயினில் ஒரு பகுதியைக் குறித்த விலைக்குக் கம்பெனிக்கே தர வேண்டும் என்பது கட்டாயம். ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் அதே ஒயின் பல மடங்குக்குப் போவதை உற்பத்தியாளர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டுக் கப்பல்களுக்கு நேரடியாக விற்கும் வாய்ப்புக்காகத்தான் க்ளூட்டே போராடினார். 1795-ல் ஆங்கிலேயர் கேப்பைப் பிடித்தபோது அரசு மாறியது. கட்டாயக் கொள்முதல் உடனே மறைந்துவிடவில்லை. 1799-ல் அவர் இறந்தபின் அதே பெயருள்ள மகன் பொறுப்பேற்றார். 1806-ல் ஆங்கிலேயர் நிரந்தரமாக வந்தார்கள். 1813-ல் கேப் ஒயின்களுக்குப் பிரிட்டனில் சுங்கச் சலுகை கிடைத்ததும் பள்ளத்தாக்கு முழுவதும் கொடிகள் பெருகின. 1815 முதல் 1821-ல் இறக்கும் வரை செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்குக் கான்ஸ்டான்ஷியா ஒயின் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. ஐரோப்பிய அரசவைகள் பலவற்றின் மேசையில் இருந்த ஒயின்தான் என்றாலும், இந்தக் கைதியால்தான் அதன் பெயர் கதையாக நிலைத்தது.

இரண்டாம் ஹென்ட்ரிக் 1818-ல் இறந்தபோது, பொறுப்பு விதவை அன்னா கத்தரீனா ஷெல்லரிடம் வந்தது. 1823-ல் அவர் ஒரு பகுதியைப் பிரித்து ஒரு மகனுக்குக் கொடுத்தார். அதுவே இன்றைய க்ளைன் கான்ஸ்டான்ஷியா. வீடு இருந்த பகுதி இன்னொரு மகன் யாக்கோப் பீட்டருக்குப் போனது. அவர் காலத்தில்தான் அடித்தளம் அசைந்தது.

1834 டிசம்பர் 1-ம் தேதி கேப்பில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் ‘பயிற்சி’ என்ற பெயரில் அதே எசமானிடம் கூலியின்றி உழைத்தபின், 1838 டிசம்பரில் ஏறத்தாழ 38,000 பேர் சுதந்திரமாக வெளியே நடந்தார்கள். இழப்பீடு வழங்கப்பட்டது எசமானர்களுக்கு. கேப் அடிமைகளின் மதிப்பு ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டு என்று கணக்கிடப்பட்டு, அதில் 12 லட்சத்துச் சொச்சம் மட்டுமே ஒதுக்கப்பட்டது. அதையும் லண்டனில் போய் வாங்க வேண்டியிருந்ததால், தரகர்கள் கழிவு போக மிச்சத்தைக் கொடுத்து உரிமைச் சீட்டுகளை வாங்கிக் குவித்தார்கள். உழைத்தவர்களுக்கு நிலமும் தரப்படவில்லை, பணமும் தரப்படவில்லை. பலர் மிஷன் ஊர்களுக்கும் நகரத்துக்கும் போனார்கள். பலர் அதே பள்ளத்தாக்கின் ஓரங்களில் காய்கறியும் பூவும் பயிரிட்டுத் தங்கினார்கள். மற்றவர்கள் கூலியாகத் திரும்பி வந்தார்கள். கூலியின் ஒரு பங்கை மலிவு ஒயினாகவே நாள்தோறும் ஊற்றிக் கொடுக்கும் ‘டாப்’ முறை, அடிமைக் காலத்தில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் கடைசிவரை பல பண்ணைகளில் நீடித்து, தலைமுறைகளைக் குடிநோயில் தள்ளியது. கேப் ஒயினின் பெருமையைப் பேசும் எந்த எழுத்தும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

அதற்குமேல் அடிகள் தொடர்ந்து விழுந்தன. பிரிட்டனின் சுங்கச் சலுகை 1825-லும் 1831-லும் குறைக்கப்பட்டது. 1859-ல் சாம்பல் நோய் கொடிகளைத் தாக்கியது. பிரான்சோடு பிரிட்டன் செய்துகொண்ட வணிக உடன்படிக்கையைத் தொடர்ந்து 1861-ல் சலுகை முற்றிலும் நீங்கி, அருகிலிருந்து வரும் பிரெஞ்சு ஒயினோடு கேப் ஒயின் சமமாக நின்று போட்டியிட வேண்டியதாயிற்று. இனிப்பு ஒயினின் மோகமும் குறைந்தது. யாக்கோப் பீட்டர் க்ளூட்டே 1875-ல் இறந்தார். பத்தாண்டுகளுக்குள் குடும்பம் கடனில் முழுகியது. 1885-ல் கேப் காலனி அரசு வீட்டோடு பண்ணையை 5,275 பவுண்டுக்கு வாங்கியது.

அரசு இதை நினைவுச் சின்னமாக வாங்கவில்லை. ஒயின் உற்பத்தி கற்றுத்தரும் மாதிரிப் பண்ணையாக நடத்த வாங்கியது. ஆஸ்திரியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட திராட்சை வல்லுநர் கார்ல் வான் பாபோ பிரபு தலைமை ஏற்றார். அடுத்த ஆண்டே, வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி கேப்பில் கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பாவில் லட்சக்கணக்கான ஏக்கரை அழித்த இந்தப் பூச்சிக்கு மருந்து கிடையாது. அதைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சையின் வேர்த்தண்டில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவது ஒன்றே வழி. அந்த வேர்த்தண்டுகளை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கும் நாற்றங்காலாகக் கான்ஸ்டான்ஷியா மாறியது. இங்கே உழைத்தவர்கள் சிறைக்கைதிகள். 200 ஆண்டுகளில் இந்தத் தோட்டம் விருப்பத்தோடு வந்த கூலியாளைப் பார்த்த காலம் மிகக் குறைவு.

1925 டிசம்பரில் நாணற்கூரையில் தீப்பிடித்து வீடு எரிந்தது, சுவர்கள் நின்றன. கட்டடக் கலைஞர் ஃப்ராங்க்ளின் கே கெண்டல் அதைப் பழைய வடிவில் மீட்டெடுத்தார். ஆல்ஃபிரெட் டி பாஸ் என்ற கொடையாளர் பழைய கேப் மரச்சாமான்களையும் பீங்கான்களையும் ஓவியங்களையும் சேர்த்துக் கொடுக்க, 1927 முதல் வீடு அருங்காட்சியகமானது. 1936-ல் தேசிய நினைவுச் சின்னம் என்று அறிவிக்கப்பட்டது. மீட்பு வேலை நேர்த்தியானது. ஆனால் காட்சியில் உருவானது ஒரு கனவான்வீடு: பளபளக்கும் மேசை, நீல-வெள்ளைப் பீங்கான், ஒழுங்கான படுக்கை. ஆங்கிலேயரும், டச்சுக் குடியேறிகளின் வழிவந்த ஆப்பிரிக்கானரும் சேர்ந்து ஒரே வெள்ளைத் தேசமாக நிற்க ஒரு பொதுப் பாரம்பரியம் தேடிய காலம் அது. வெண்சுவர்ப் பண்ணைவீடு அந்தத் தேவைக்கு வாய்ப்பாக அமைந்தது. அதே சுவர்களுக்குள் அடிமையின் மகள் உடைமையாளராக வாழ்ந்த பத்தாண்டுகள் அந்தக் காட்சியில் சொல்லப்படவில்லை.

சொல்லாமல் விட்டதன் விளைவு வேலிக்கு வெளியே நடந்தது. 1950-ல் இயற்றப்பட்ட இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்படி, 1961-ல் கான்ஸ்டான்ஷியா வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அடிமை விடுதலைக்குப்பின் அந்தப் பள்ளத்தாக்கில் நிலம் வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் தலைமுறைகளாகக் காய்கறியும் பூவும் விளைவித்துவந்த ‘கலப்பினக்’ குடும்பங்கள், அவர்களில் முஸ்லிம்கள் பலர், குறைந்த விலைக்கு விற்று வெளியேற வேண்டியதாயிற்று. மணற்பாங்கான சமவெளியில் இருக்கும் கிராஸி பார்க், லோட்டஸ் ரிவர், ரிட்ரீட் போன்ற பகுதிகளுக்கு அவர்கள் போனார்கள். பள்ளத்தாக்கில் மிஞ்சியது அவர்களுடைய புனிதச் சமாதிகள். டச்சுக்காரர்கள் 1660-களில் சுமத்ராவில் சிறைபிடித்துக் கேப்புக்கு நாடுகடத்திய ஷேக் அப்துர் ரஹ்மான் மதேபே ஷாவின் தர்கா க்ளைன் கான்ஸ்டான்ஷியாவின் வாசல் அருகே இருக்கிறது. வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அங்கே தொழுகைக்கு வந்துபோவதை எந்தச் சட்டமும் நிறுத்த முடியவில்லை.

1993-ல் குரூட் கான்ஸ்டான்ஷியா ஓர் அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. தோட்டமும் ஒயின் வணிகமும் அறக்கட்டளையிடம். வீட்டின் அருங்காட்சியகம் கேப் டவுனின் இஸிக்கோ அருங்காட்சியக அமைப்பிடம். அண்டைப் பண்ணையான க்ளைன் கான்ஸ்டான்ஷியா 1986 அறுவடையிலிருந்து பழைய முறை இனிப்பு ஒயினை மீண்டும் செய்யத் தொடங்கியது. குரூட் கான்ஸ்டான்ஷியாவும் பிறகு தன் வகையை மீட்டது. அடிமைகளைப் பற்றிய காட்சிப் பலகைகள் இப்போது வளாகத்தில் உண்டு. 1816 முதல் ஆங்கிலேய அரசு எழுதிவைத்த அடிமைப் பதிவேடுகளில் ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பிறந்த இடமும் தொழிலும் பண்ணைவாரியாக இருப்பதால், இங்கே உழைத்தவர்களைப் பெயர் சொல்லிக் காட்ட இயலும். அதைச் செய்யும் ஆய்வாளர்களும் சந்ததியினரும் இருக்கிறார்கள். 1994-ல் வந்த நில உரிமை மீட்புச் சட்டத்தின் கீழ் கான்ஸ்டான்ஷியாவிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் மனுச் செய்தார்கள். பலருக்குப் பணமாக ஈடு கிடைத்தது. நிலமே வேண்டும் என்று நின்ற சிலருக்கு, பல்லாண்டு வழக்காடலுக்குப் பின், நாட்டிலேயே மனை விலை மிக உயர்ந்த இடங்களில் ஒன்றாகிவிட்ட அதே பள்ளத்தாக்கில் துண்டு நிலங்கள் திரும்பக் கிடைத்தன.